மேசையில் வைக்கும் காசு: ஊருக்கு ஊர் டிப்ஸ் ஏன் மாறுகிறது?

யமுனைக்கரை:

பதினாறு ஆண்டுகளாகத் தில்லியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். சென்ற மாதம் ஒரு திருமணத்திற்காக மதுரைக்கு வந்திருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லி, உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

நாங்கள் ஏழு பேர் இரவு உணவுக்குச் சென்றிருந்தோம். பில் 1,340 ரூபாய் வந்தது. பரிமாறிய பையன் முகம் கோணாமல் நான்கு முறை சட்னி கொண்டுவந்தான். என் தாயாருக்கு இடியாப்பம் ஆறிவிட்டதென்று கேட்காமலேயே மாற்றிக் கொடுத்தான். நான் 140 ரூபாயைத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தேன். என் மைத்துனர் அதிலிருந்து நூறு ரூபாய்த் தாளை உருவி என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, "நாற்பதே ஜாஸ்தி மச்சான். நீங்க வச்சுட்டு டெல்லிக்குப் போயிடுவீங்க, நாளைக்கு நாங்க வந்தா எங்க கையைப் பார்ப்பாங்க" என்றார். அந்தப் பையன் இரண்டடி தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அன்றிரவு முழுவதும் மனம் சரியாக இல்லை.

தில்லியில் மேசையில் அமர்ந்து சாப்பிடும் நடுத்தர உணவகங்களில், பில் தொகையில் பத்தில் ஒரு பங்கை வைப்பது என்னைச் சுற்றியிருப்பவர்களிடையே இயல்பான பழக்கம். தமிழ்நாட்டில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு மேல் கை நீளுவதில்லை. பலர் அதுவும் வைப்பதில்லை. விருந்தோம்பலைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், விருந்து படைத்தவனின் கையில் காசு வைக்கத் தயங்குவது ஏன்? 10 விழுக்காடு என்பது நாடு முழுவதற்குமான வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்லாவடி:

நண்பருக்கு வணக்கம். கும்பகோணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சைவ உணவகம் நடத்திவருகிறேன். உங்கள் மனவருத்தம் நியாயமானது, ஆனால் நீங்கள் எடுத்த முடிவு தவறானது. தமிழ்நாட்டு மக்களின் கை சுருங்கியது என்று சொல்வதற்கு முன், அந்தக் காசு எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதைத் தயவுசெய்து பாருங்கள்.

எங்கள் ஊர்களில் சாதாரண உணவகத்தில் சப்ளையர் பில்லை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சாப்பிட்டவர் கைகழுவி, பில்லை எடுத்துக்கொண்டு வாசல் அருகே இருக்கும் கல்லாவில் பணம் கட்டுவார். மீதிச் சில்லறை அவர் கைக்கு வருவது கல்லாவில்தான். அந்த நேரத்தில் சப்ளையர் வேறொரு மேசையில் இலை போட்டுக்கொண்டிருப்பார். டிப்ஸ் வைக்க வேண்டுமென்றால், அவர் பணம் கட்டுவதற்கு முன்பே தனியாகச் சில்லறை எடுத்து மேசையில் வைத்திருக்க வேண்டும். அல்லது கட்டிய பிறகு கூட்டத்துக்குள் திரும்பி நடந்து வர வேண்டும். நீங்கள் சொல்லும் தில்லி உணவகத்தில் பில்லும் மீதியும் மேசைக்கே தட்டில் வருகின்றன. மீதியை எடுக்காமல் விட்டாலே அது டிப்ஸ் ஆகிவிடுகிறது. ஓர் ஊரில் கொடுப்பதற்கு முயற்சி வேண்டும், இன்னோர் ஊரில் கொடுக்காமல் இருப்பதற்கு முயற்சி வேண்டும். இதை வைத்து மனிதர்களின் ஈகையை எடைபோடுவது சரியல்ல.

இரண்டாவது, எங்கள் பகுதியில் கொடுக்கும் வழக்கம் வேளைக்கு வேளை கணக்குப் பார்ப்பதல்ல. தினமும் காலையில் இரண்டு இட்லியும் காபியும் சாப்பிட வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆண்டு முழுவதும் ஒரு ரூபாய் வைக்க மாட்டார். தீபாவளிக்கு முதல் நாள், தனக்குப் பரிமாறும் சப்ளையரைக் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாயும் ஒரு துண்டும் கொடுப்பார். என்னிடம் வேலை செய்பவர்களில் மூத்தவருக்கு இப்படி வாடிக்கையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். தீபாவளி இனாம் என்பது விழுக்காட்டில் அடங்காது. ஓரிரவு மட்டும் வந்துபோகும் விருந்தினர் கண்ணில் அது படாது.

சட்டப்புள்ளி:

விவாதத்திற்குத் தேவையான சட்ட நிலையை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பர் யமுனைக்கரை 10 விழுக்காட்டை நாடு முழுவதற்கும் வழக்கமாக்க வேண்டும் என்கிறார். பெருநகர உணவகங்கள் அதை 'சேவைக் கட்டணம்' என்ற பெயரில் பில்லிலேயே சேர்த்து வாங்கத் தொடங்கியதால்தான் சிக்கலே வந்தது. அது விருப்பத்தின் பேரிலானது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2017 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது என்று கூறியது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்து அதே மாதம் இடைக்காலத் தடை பெற்றன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது; மனுதாரர்களான இரண்டு சங்கங்களும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. தானாகச் சேர்த்து வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இன்னொன்று. ஊழியருக்கு டிப்ஸ் கிடைக்கிறதே என்று அதைக் காட்டி இந்திய முதலாளி கூலியைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை உணவகத் தொழிலுக்கு மாநில அரசே நிர்ணயிக்கிறது. அதை முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்ற நிலை 1991 முதல் மாறவில்லை. மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும். ஆகவே அங்கே 15, 20 விழுக்காடு வைப்பது ஏறக்குறைய ஊதியத்தின் பகுதி. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் அந்தக் குறைப்பு அனுமதிக்கப்படுவதில்லை. அமெரிக்காவிலிருந்து விழுக்காட்டை மட்டும் பெயர்த்துக்கொண்டு வருவது பொருந்தாது.

இலைபோட்டவன்:

ஐயா எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்று ஊர்களில் பதினோரு ஆண்டுகள் சப்ளையராக இருந்தவன். இப்போது சொந்தமாகச் சிறிய டிபன் கடை வைத்திருக்கிறேன். கல்லாவடி ஐயா கல்லா இருக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னது முழு உண்மை, அதை நான் உடம்பால் அறிந்தவன். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது.

முதலில் பெங்களூரு. பதினெட்டு வயதில் அங்கே ஒரு தர்ஷினியில் சேர்ந்தேன். 1980-களில் ஜெயநகர்ப் பக்கம் தொடங்கி நகரமெங்கும் பரவிய நின்றுகொண்டு சாப்பிடும் கடைகள் அவை. முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். தோசை வரும் ஜன்னலில் டோக்கனைக் கொடுத்து நீங்களே தட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டபின் தட்டைத் தொட்டியில் போட வேண்டும். அங்கே யாருக்கு டிப்ஸ் வைப்பது? ஓராண்டில் எனக்கு அங்கே டிப்ஸாகக் கிடைத்தது மொத்தமே முப்பது ரூபாய் இருக்கும். ஆனால் அதே ஊரில், காந்தி பஜாரில் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவனில், கை நிறையத் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து பரிமாறுகிறார்கள். எங்கள் கடையில் காலையில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்ட மனிதரே ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இருபது ரூபாய் வைத்து எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆள் ஒருவரே, ஊரும் ஒன்றே.

அடுத்து மும்பை. மாடுங்காவில் ஓர் உடுப்பி உணவகத்தில் நான்கு ஆண்டுகள். அங்கே பில் சோம்புத் தட்டில் வைத்து மேசைக்குப் போகும், பணமும் எங்கள் கையில்தான் வரும். என்னைப் பழக்கிய மங்களூருக்காரர் முதல் வாரமே ஒரு பாடம் சொன்னார்: மீதி 88 ரூபாய் என்றால் ஐம்பதாகவும் இருபதாகவும் கொண்டுபோகாதே, பத்து ரூபாய்த் தாளாக எட்டும் சில்லறை எட்டு ரூபாயும் கொண்டுபோ. ஐம்பது ரூபாய்த் தாளை விட்டுவிட்டு எழ யாருக்கும் மனம் வராது. இரண்டு பத்து ரூபாய்த் தாளை விட மனம் வரும். நாங்கள் கல்லாவுக்குப் போய்த் தாளை உடைத்து வாங்குவதே ஒரு தனி வேலையாக இருந்தது. மும்பைக்காரருக்குத் தாராள மனம் என்று அதற்கு முன்பு நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மனமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வழி செய்து கொடுத்தது தட்டும் சில்லறையும்.

பிறகு சென்னை. கல்லாவில் கட்டும் முறை. மேசையில் விட்டுச் செல்லும் காசு முதலில் கண்ணில் படுவது மேசை துடைக்கும் கிளீனருக்கு. நல்லவன் என்றால் 'அண்ணே, உங்க மேசை' என்று கூப்பிட்டுக் கொடுப்பான். இல்லாவிட்டால் ஈரத்துணிக்குள் சுருண்டு போய்விடும். அதற்காக நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். எச்சில் இலையை எடுப்பவனுக்கு யாரும் தனியாக ஒரு காசு வைப்பதில்லை. எனக்கோ கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மேற்பார்வையாளரின் மரியாதையாவது இருந்தது.

நான் சொல்ல வந்த பாதி இதுதான். கல்லாவில் பணம் வாங்கும் முறை வானத்திலிருந்து வந்ததல்ல. முதலாளி தன் பணத்தைத் தன் கையால் வாங்க வேண்டும் என்று வைத்த முறை அது. சப்ளையர் கையில் பணம் புழங்கக்கூடாது என்பது அதன் நோக்கம். அதனால் டிப்ஸும் நின்றது. ஆகவே 'எங்கள் ஊர் வழக்கம்' என்று ஐயா சொல்லும்போது, அந்த வழக்கத்தை வகுத்தது சாப்பிட வந்தவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாவூர்ப் பாலம்:

கோழிக்கோட்டில் பணிபுரியும் தமிழ்ப்பெண் நான். கேரளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே சாதாரண ஊண் கடையில் டிப்ஸ் எதிர்பார்ப்பு மிகக் குறைவு என்பது என் பத்தாண்டு அனுபவம். ஒருமுறை பத்து ரூபாயை வைத்துவிட்டு வெளியே வந்தபோது, பரிமாறிய சேட்டன் பின்னாலேயே ஓடிவந்து 'மறந்துவிட்டீர்கள்' என்று திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபமில்லை, உண்மையாகவே மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தார்.

இந்தியன் காபி ஹவுஸ் வரலாறும் இங்கே பொருந்தும். மத்திய அரசின் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். முதல் சங்கம் 1957-இல் பெங்களூருவில் தொடங்கியது. 1958-இல் திருச்சூரில் கேரளச் சங்கம் வந்தது. விசிறி வைத்த தலைப்பாகையோடு காபி கொண்டுவருபவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராகவும் இருக்கலாம். அவருக்கு முன்னால் சில்லறையை எண்ணி வைக்கும்போது என் கை தயங்குகிறது. கடைக்குச் சொந்தக்காரருக்கு யாராவது டிப்ஸ் வைப்பார்களா? வைப்பவர்களும் உண்டு, அவர்களைத் தவறு சொல்லவில்லை. ஆனால் வைக்காதவரைக் கஞ்சர் என்று சொல்வதை ஏற்க முடியாது. தொழிலாளியின் நிலை உயர்ந்த இடத்தில் டிப்ஸ் தேய்ந்துபோவது இயல்பு என்றே நினைக்கிறேன்.

யமுனைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கல்லாவைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். நான் இருப்பது மேசைக்குத் தட்டு வரும் தில்லி. நெடுஞ்சாலைத் தாபாவில் நானும் பத்து விழுக்காடு கணக்குப் பார்ப்பதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. தென்னாட்டுக் கை சுருங்கியது என்ற எண்ணத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் சட்டப்புள்ளி அவர்களுக்கும் மாவூர்ப் பாலம் அவர்களுக்கும் ஒரு கேள்வி. குறைந்தபட்ச ஊதியம் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில், பதிவேட்டில் பெயரே இல்லாமல் சமையற்கட்டுக்கு மேலே இருக்கும் அறையில் படுத்துறங்கும் ஒடிசாப் பையனுக்கு அந்த ஊதியம் போய்ச் சேருகிறதா? சேரும் வரையில் நான் வைக்கும் நூறு ரூபாய்தான் அவனுக்கு உறுதியாகச் சேருவது. ஊதியம் சரியாக இருக்க வேண்டும் என்ற வாதம் சரியானதே. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே பையை மூடிக்கொண்டு எழுந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. மதுரையில் அந்தப் பையன் பார்த்தது சட்டத்தை அல்ல, என் மைத்துனரின் கையை.

சட்டப்புள்ளி:

சேருவதில்லை என்பது பல இடங்களில் உண்மை, மறுக்கவில்லை. வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவுமில்லை. டிப்ஸ் எத்தன்மையது என்பதை 2016-இல் ஐடிசி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: வாடிக்கையாளர் மனமுவந்து கொடுத்து, உணவகத்தின் வழியாக ஊழியருக்குச் சேரும் பணம் முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது, ஆகவே சம்பளத்துக்கான வரியை அதில் முதலாளி பிடிக்கத் தேவையில்லை. அதாவது அது உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் இடையிலானது. அதை விழுக்காடாக்கி எல்லா ஊருக்கும் கட்டளையாக்கினால் முதலாளியின் கைக்குள் போய்விடும் என்பதே என் அச்சம். சேவைக் கட்டணத்துக்கு நேர்ந்ததும் அதுதான்.

கல்லாவடி:

இலைபோட்டவன் தம்பி சொன்னது என்னைத் தைத்தது, ஆனாலும் உண்மை. பணம் என் கையால் வர வேண்டும் என்றுதான் என் தகப்பனாரும் கல்லாவை வாசலில் போட்டார். அதனால் சப்ளையருக்கு நேர்ந்த இழப்பை நான் இதுவரை கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

இப்போது எல்லா ஊரையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது வேறொன்று, யாரும் அதைச் சொல்லவில்லை: யுபிஐ. என் கடையில் கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டை இப்போது ஒவ்வொரு மேசையிலும் இருக்கிறது. வாடிக்கையாளர் 187 ரூபாய் என்றால் 187 ரூபாயையே அனுப்புகிறார். மீதி என்ற ஒன்றே இல்லாதபோது மீதியை எங்கே விடுவது? தம்பி மும்பையில் கற்ற பத்து ரூபாய்த் தாள் பாடமும் இனிமேல் செல்லாது. என் சப்ளையர்கள் வாங்கிக்கொண்டிருந்த சிறு டிப்ஸும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று அவர்களே சொல்கிறார்கள். தில்லியிலும் இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

அதனால் ஆறு மாதங்களுக்கு முன் கல்லாவுக்கு அருகே ஓர் உண்டியல் வைத்தேன். வாடிக்கையாளர் விரும்பினால் போடலாம். மாதக் கடைசியில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறேன்.

யமுனைக்கரை:

தில்லியிலும் அதேதான். சோம்புத் தட்டு இன்னும் வருகிறது; அதில் வைக்கத்தான் கையில் காசு இருப்பதில்லை. நான் இப்போது இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு சிறு கட்டைத் தனியாக வைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன்.

இலைபோட்டவன்:

ஐயா, உண்டியல் வைத்ததற்கு உங்களைப் பாராட்டுகிறேன். இரண்டு கேள்விகள் மட்டும் கேட்க அனுமதியுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது? கிளீனருக்கும் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் பங்கு உண்டா? சென்னையில் நான் வேலை செய்த ஓர் இடத்திலும் இப்படி உண்டியல் இருந்தது. உடைந்த டம்ளருக்கும் வாடிக்கையாளர் கட்டாமல் போன பில்லுக்கும் அதிலிருந்து கழித்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து நாங்களே வாடிக்கையாளரிடம் 'அதில் போடாதீங்க, கையில கொடுங்க' என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினோம்.

கல்லாவடி:

தம்பி, மறைக்க விரும்பவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. டம்ளருக்குக் கழித்ததில்லை, ஆனால் பங்கு சப்ளையர் ஆறு பேருக்கு மட்டும்தான் போகிறது. கிளீனர் இருவரும் பாத்திரம் தேய்க்கும் அம்மாவும் கணக்கில் இல்லை. இதுவரை அவர்கள் யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

இன்று மதியப் பந்தி முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினேன். சாவியை மூத்த சப்ளையரும் கிளீனரில் ஒருவரும் சேர்ந்து வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் சனிக்கிழமை தோறும் திறந்து எண்ண வேண்டும். ஒன்பது பேருக்கும் சமபங்கு என்று நான் சொன்னபோது சப்ளையர்களில் இருவர் ஒப்பவில்லை, 'நாங்கதானே பேச்சு வாங்குறோம்' என்றார்கள். சமையல் மாஸ்டர் தனக்குப் பங்கு வேண்டாம், தன் கைப்பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதும் என்கிறார். இதை எப்படிப் பிரித்தால் சச்சரவு வராது என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

இலைபோட்டவன்:

மாடுங்காவில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், ஐயா. மேசையில் கையோடு கிடைக்கும் காசு சப்ளையருக்கே உரியது, அதைத் தொடக்கூடாது. உண்டியலில் விழுவது மட்டும் பொது. அதில் உள்ளே வேலை செய்பவர்களுக்கும் கிளீனருக்கும் முழுப் பங்கு, சப்ளையருக்கு அரைப் பங்கு. ஏனென்றால் சப்ளையருக்கு மேசைக் காசு தனியாக வருகிறது. முதல் மாதம் எங்களிடமும் முணுமுணுப்பு இருந்தது. எண்ணுவது எல்லோர் கண்ணெதிரிலும் நடந்ததால் இரண்டாம் மாதம் அது அடங்கிவிட்டது. கிளீனர் பையன்களும் அதன் பிறகு மேசையில் கிடந்த காசை ஒன்றுவிடாமல் எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.